ஒரு சின்னக் கொடிக்காக லேபிளை இரண்டு முறை மாற்றினோம்

பாதாமை அரைத்து பேஸ்டாக்கி ஜாடியில் அடைத்து விற்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முதல் சரக்கு போவதற்கு முன்னால் லேபிள் மாதிரியை வாங்குபவருக்கு அனுப்பினேன், மூன்றே நாளில் திரும்பி வந்தது. முன்பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்த எங்கள் நாட்டுக் கொடியை வட்டமிட்டு, "பாதாம் எங்கே விளைந்தது?" என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு உணவு இரண்டாவது நாட்டில் தன்மையே மாறும்படி பதப்படுத்தப்பட்டால் அந்த நாடுதான் பிறப்பிடம் என்று, சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் பொது லேபிள் தரத்திலேயே இருக்கிறது, முழுப் பருப்பை அரைத்துப் பேஸ்டாக்கினால் தன்மை மாறியதாகத்தானே அர்த்தம்? கொடி பொய் சொல்லவில்லை. ஆனால் ஐரோப்பாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2018/775 விதி இன்னொன்றும் கேட்கிறது: உணவின் பிறப்பிடத்தை எழுத்திலோ படத்திலோ கொடியிலோ காட்டி, அதன் முதன்மை மூலப்பொருள் வேறு இடத்திலிருந்து வந்திருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். பாதிக்கு மேல் இருக்கும் பொருள் முதன்மை மூலப்பொருள்தான், எங்கள் ஜாடியில் பாதாமைத் தவிர உப்பு மட்டும்தான்.

கொடியை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றார் லேபிள் வடிவமைத்தவர். எங்கள் பொருளுக்கு அது சரிதான், ஆனால் அரைப்பது எங்கே என்று சொல்லிவிட்டு விளைந்தது எங்கே என்பதையும் சொல்லலாமே, சாப்பிடுகிறவருக்கு இரண்டும் தெரியட்டும் என்று நினைத்தேன்.

சப்ளையர் சொன்னதை வைத்து "பாதாம்: அமெரிக்கா" என்று பின்பக்கம், மூலப்பொருள் பட்டியலுக்குக் கீழே சேர்த்தோம். அதுவும் திரும்பி வந்தது. கொடி கண்ணில் படும் அதே பக்கத்தில் அது இருக்க வேண்டுமாம், எழுத்தும் ஆங்கிலச் சிறிய எக்ஸ் அளவில் குறைந்தது 1.2 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். (கொடிக்குப் பதிலாக நாட்டின் பெயரை எழுதியிருந்தால் அந்த எழுத்தின் உயரத்தில் 75 சதவீதமாவது வேண்டும்.)

சரி, முன்பக்கம் மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை கிடங்கில் மூட்டைகளைப் பார்த்துவிடலாம் என்று போனேன். மூட்டை வாயில் தைத்திருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினால் ஒரே லாட்டில் இரண்டு மூட்டை ஆஸ்திரேலியா! சப்ளையர் கொடுத்த பிறப்பிடச் சான்றிதழில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த லேபிளோடு சரக்கு போயிருந்தால் நான் சாப்பிடுகிறவரிடம் பொய் சொன்னதாகியிருக்கும், இப்போது நினைத்தாலும் மனசு பதறுகிறது.

கடைசியில் "பாதாம்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே விளைந்தது" என்று கொடிக்குப் பக்கத்திலேயே போட்டோம், விதி அதை அனுமதிக்கிறது. நாட்டின் பெயரையே போட வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. அதனால் சப்ளையரிடம் லாட் வாரியாகத் தனித்தனிச் சான்றிதழ் கேட்டிருக்கிறேன், அது வரும்வரை மூட்டைச் சீட்டைப் பார்க்காமல் எதையும் அரைக்க விடுவதில்லை.