கம்மாலைக்குள் வரும் வாடைக்காற்று

சுடச்சுட அடித்த உருக்குத் துண்டு பிறகு கோணினால் பழி சுத்தியல்காரன் தலையில் விழும். அநேகமாக அது அநியாயம். நல்ல செஞ்சூட்டில் அடிக்கும்போது உருக்கின் மணிகள், அதாவது அதன் உள்ளே இருக்கும் நுண்ணிய பளிங்குகள், உடனுக்குடன் புதிதாகிவிடும். அடியின் தகைப்பு, அதாவது உலோகத்துக்குள் அடங்கிக் கிடக்கும் விசை, உள்ளே தங்காது. அது குடியேறுவது துண்டு ஆறுகிற நேரத்தில்.

கோடாலியின் வாய் மெல்லியது, காம்புத்துளைப் பக்கம் தடிப்பு. வாய் முந்தி ஆறி இறுகிவிடும். பிந்தி ஆறுகிற தடிப்புப் பக்கம் சுருங்கப் பார்க்க, இறுகிய பக்கம் இடங்கொடாது. அந்த இழுபறிதான் எஞ்சிய தகைப்பு. ஒரே தடிப்பான தகட்டைக்கூட ஈரச் சீமெந்துத் தரையில் போட்டாலோ, பக்கம் திறந்த கொட்டிலில் மார்கழி வாடைக்காற்று ஒரு முகத்தில் மட்டும் பட்டாலோ இதே கதைதான். அடித்து முடித்ததை உலர்ந்த சாம்பலுக்குள் முழுதாகப் புதைத்து, கை பொறுக்கும் வரை விடவேண்டும். ஈரச் சாம்பலுக்குத் தரையே மேல்.

சுத்தியலுக்கும் ஒரு குற்றம் உண்டு. மங்கல் சிவப்பும் போன பிறகு, ‘இன்னும் ரெண்டு போட்டால் நேராகும்’ என்று போடுகிற அடிகள் அப்படியே உள்ளே தங்கிவிடும்.

இங்கே கத்திக்கும் கோடாலிக்கும் கைக்கு வருவது பழைய லொறி வில்லுத்தகடு. தோய்ச்சலுக்கு (கடினமாக்கச் செஞ்சூட்டிலிருந்து சட்டென்று குளிர்த்துவதற்கு) முன் 870 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, அசையாத காற்றில் ஆறவிடுவது நல்லது. சூட்டை அறியக் காந்தம் உதவும்: அது ஒட்டாமல் போவது ஏறத்தாழ 770 பாகையில். அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏற்றவேண்டும். அதிகம் வெடிப்பது தோய்ச்சலில்தான். மேற்பரப்பு முதலில் கடினமாகி விரியும். பிறகு உட்பகுதியும் கடினமாகி விரியும்போது மேல்தோல் இழுபட்டுப் பிளக்கும். கரையோரக் கிணற்றின் உவர்நீர் இதற்கு இன்னும் மோசம். உப்பு நீராவிப் படலத்தை உடைத்துவிடுவதால் நல்ல தண்ணீரைவிட வேகமாகக் குளிர்த்தும். வில்லுத்தகட்டுக்குத் தண்ணீரே வேண்டாம். 50–60 பாகைக்குச் சூடாக்கிய எண்ணெய் போதும்.

எண்ணெயிலிருந்து எடுத்ததை விடியப் பார்க்கலாம் என்று வைக்கக்கூடாது. சில துண்டுகள் சாமத்தில் தானாக வெடிக்கும். இளஞ்சூடாக இருக்கும்போதே மீளச் சூடாக்கவேண்டும்: கத்திக்கு 200–250 பாகை, ஒன்றிரண்டு மணித்தியாலம். கோணலை நிமிர்த்துவதும் அந்தச் சூட்டிலேயே. குளிரில் நிமிர்த்தினால் சூடு காட்டும்போது திரும்பவும் கோணும்.

கடைசலுக்குப் போகும் தண்டு என்றால் 550–650 பாகையில் 25 மில்லிமீற்றர் தடிப்புக்கு ஒரு மணித்தியாலம் வைத்து, உலைக்குள்ளேயே 300 பாகை வரை மெல்ல இறக்கவேண்டும். தோய்த்த சாமானுக்கு இந்தச் சூடு ஆகாது, கடினம் போய்விடும். தட்டையான துண்டை ஒரு பக்கம் மட்டும் சீவினாலும் வாழைமடல் மாதிரி வளையும். இரு பக்கமும் மாறி மாறிச் சீவி, ஒரு மில்லிமீற்றர் மிச்சம் வைத்துப் பிடியிலிருந்து கழற்றி, பிறகுதான் இறுதிச் சீவல்.

எல்லாத் தகைப்பும் எதிரி அல்ல. புது வில்லுத்தகட்டின் மேற்பரப்பைச் சிறு உருக்குக் குண்டுகளால் அடித்து அமுக்கத்தில் வைத்திருப்பார்கள்; திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் வரும் களைப்பு வெடிப்பை அதுதான் தள்ளிப்போடும். உலையில் காய்ச்சியதும் அது போய்விடும். ஏற்கெனவே ஓடிக் களைத்த தகட்டில் நடு ஆணித்துளையைச் சுற்றித்தான் முதலில் பார்க்கவேண்டும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, சோக்குத்தூள் தடவினால் வெடிப்பு இருந்தால் கோடாக ஊறித் தெரியும். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை உலையில் வைக்கலாம்.