மாமாவின் அம்பிளிபயரும் போனோ ஓட்டையும்

கல்லடியில் எங்கள் மாமாவிடம் ஒரு அம்பிளிபயர் இருக்கிறது. சவுதியில் உழைத்த காலத்தில் வாங்கி வந்தது. மாமா பக்கத்தில் நின்றால்தான் யாரும் அதில் கைவைக்கலாம். மச்சான் கொழும்பிலிருந்து ரஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கையளவு கம்பியூட்டர் ஒன்றை அனுப்பினான். போனிலிருந்தே பாட்டை இயக்க உதவும் வொலூமியோ என்ற மென்பொருளை அதில் போட்டு, அம்பிளிபயரோடு இணைப்பது என் தலையில் விழுந்தது.

வயரின் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கை ரஸ்பெரி பையில் குத்திவிட்டு, மறுமுனையின் சிவப்பையும் வெள்ளையையும் அம்பிளிபயரின் ஆக்ஸ் என்ற பொது ஓட்டையில் குத்தப் போனேன். மாமா தடுத்தார்.

"அது கசெட் பிளேயர்ட இடம். கழட்டப்படாது."

அந்த கசெட் பிளேயர் எப்போதோ செத்துவிட்டது. ஆனாலும் இடம் அதற்குத்தான். மிச்சமிருந்தது இசைத்தட்டு பிளேயருக்கான போனோ ஓட்டை மட்டும்.

"இதில குத்துங்க மருமகன். ரெக்கோட்டுக்கு வச்சது, நல்ல லைன்."

ரெக்கோட் ஊசி தருவது சில மில்லிவோல்ட்தான், அதனால் போனோவுக்குள் வருவதை அம்பிளிபயர் கிட்டத்தட்ட 100 மடங்கு பெருக்கும், ரெக்கோட் வெட்டும்போது குறைத்த பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியையும் திரும்ப ஏற்றும், பை தருவதோ ஒரு வோல்ட்டை நெருங்கும் என்றெல்லாம் விளக்கினேன். "ஓம் ஓம்" என்றபடியே மாமா குத்தி முடித்துவிட்டார்.

நாதஸ்வரம் போட்டோம். குழலைக் காணவில்லை, கரகரப்புத்தான். தவில் மட்டும் கூரையில் தேங்காய் விழுவது போல இடித்தது. மாமி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "என்ன மனே, ஊடு இடியுதா?"

மாமா தீர்ப்புச் சொன்னார்: "சின்னப் பெட்டிதானே, பலம் காணாது."

பலம் கூடித்தான் இந்தக் கூத்து என்று யார் சொல்வது? அவர் தேத்தண்ணிக்கு எழும்பிப் போன இடைவெளியில் வயரை ஆக்ஸுக்கு மாற்றினேன். சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு மெல்ல மெல்லக் கூட்டினேன். குழல் வந்தது, தவிலும் தவிலாகக் கேட்டது.

கோப்பையோடு வந்த மாமா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். "பாத்தீங்களா? அம்பிளிபயர் சூடாகினாத்தான் அதுட குணம் தெரியும்."

சரி, அப்படியே இருக்கட்டும்.

பை 4இல் சுவிட்ச் கிடையாது. போனில் ஷட்டவுண் கொடுத்து, பச்சை லைட் அடங்கிய பிறகுதான் கரண்டை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மெமரி கார்ட் பழுதாகலாம் என்று வடிவாகச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் கேட்டார். மறுகா எழும்பிப் போய்ச் சுவர் சுவிட்சை டக்கென்று அமத்தினார்.

இப்போதெல்லாம் கல்லடிக்குப் போகும்போது பேர்ஸில் ஒரு மெமரி கார்ட் வைத்துக்கொள்கிறேன்.