இரும்பு வேலையில் எவ்வளவு துல்லியம் வேண்டும்?

வெல்டிங் செய்யப்போகும் சட்டகத்தின் குழாயை வெர்னியர் என்னும் நுண்ணளவுக் கருவி கொண்டு 0.1 மில்லிமீட்டர் வரை அளப்பது, என் கருத்தில், பெரும்பாலும் வீண் உழைப்பு. 6 மீட்டர் எஃகுக் குழாய் 20 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினாலே ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் நீளும். போதாததற்கு, உருகிய உலோகம் குளிர்ந்து சுருங்கும்போது மூலையை இழுக்கும் இழுப்பு, நாம் அரும்பாடுபட்டு அளந்த நுணுக்கத்தையெல்லாம் விழுங்கிவிடும். வெல்டிங் கட்டமைப்புகளுக்கான ஐஎஸ்ஓ 13920 தரநிலையே, அதன் 'பி' வகுப்பில், 400 மில்லிமீட்டருக்கு மேல் 1000 வரையிலான நீளங்களுக்கு 3 மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இடம் தருகிறது.

நான் விட்டுக்கொடுக்காதது, சட்டகம் கோணாமல் இருக்கிறதா என்று காட்டும் மூலைவிட்டங்களில்தான்: டேக் வெல்டிங் (துண்டுகள் நகராதபடி அங்கங்கே வைக்கும் சிறு பற்று) வைத்ததும் இரண்டையும் அளந்து சமமாக்கிய பிறகே, எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றி முழு வெல்டிங் இடுவேன். பேரிங் அமரும் துளைக்கு மட்டும் இந்தத் தாராளம் ஆகாது; அதை வெல்டிங் முடிந்து ஆறிய பின்னரே கடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.