வாய்தாச் சட்டை

அந்தத் தம்பிக்கு வயது 23. சரக்கு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். திருட்டு வழக்கில் உள்ளே வந்தான். அவனிடம் வெளிர்நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று உண்டு. சிறைக்குள் அதை அவன் உடுத்துவதே இல்லை. துவைத்து, நிழலில் உலர்த்தி, கைகளை உள்பக்கம் மடித்து, இரண்டு செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்துப் போர்வைக்கு அடியில் போட்டுப் படுத்துக்கொள்வான். காலையில் எடுத்தால் இஸ்திரி போட்டதுபோல் இருக்கும். வாய்தாவுக்கு, அதாவது நீதிமன்றத்தில் வழக்கு வரும் நாளுக்கு என்று ஒதுக்கிய சட்டை அது. தண்டனை பெற்றவர்களுக்குத்தான் வெள்ளைச் சீருடை. விசாரணைக் கைதிகள் சொந்தத் துணியைத்தான் உடுத்துகிறார்கள்.

மூன்று மாதங்களில் அந்தச் சட்டையை அவன் ஒரே ஒரு முறைதான் போட்டான். மற்ற வாய்தாக்கள் எல்லாம் காணொலியிலேயே முடிந்துவிட்டன. வரிசையில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டதும் திரைக்கு முன்னால் போய்க் கும்பிட வேண்டும். காவல் நீட்டிக்கப்பட்டது என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்கும். அதற்குள் அடுத்தவர் வந்து நின்றுவிடுவார். வழிக்காவலுக்கு, அதாவது கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவர, போலீஸ் இல்லை என்று நீதிமன்றத்துக்கே கொண்டுபோகாமல் விட்ட காலமும் எனக்குத் தெரியும். அதனால் காணொலியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் வாய்தா நாள் அவனுக்கு வழக்கு நடக்கும் நாளாக மட்டும் இருந்ததில்லை. நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் அவன் அம்மா காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பார். வழிக்காவலர் இரக்கப்பட்டால் ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுக்க விடுவார். அம்மாவின் கண்ணுக்கு முன்னால் கசங்காமல் போய் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு பாடுபட்டுச் சட்டையை மடித்தான்.

நான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் 26 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நான்கு ஆண்டுகளாக மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலராக வாரம் இரண்டு நாள் ஒரு சிறைக்குப் போய் வருகிறேன். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. இங்கே வருகிறவர்களின் அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர், "குற்றவாளிகளுக்கு எதற்கு அண்ணி ஆறுதலும் ஆலோசனையும்?" என்று கேட்டார். பந்தியில் வைத்து விளக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில், அவர்களில் பெரும்பாலோர் குற்றவாளிகள் என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேருக்கும் மேல். அதே ஆண்டில் சிறைகளுக்குள் தற்கொலை செய்துகொண்டவர்கள் 119 பேர். பெங்களூரு மத்திய சிறையில் நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிறுவனத்தின் மருத்துவர்கள் 5,024 பேரைப் பரிசோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், குடி, போதைப் பழக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டாலும் நான்கில் ஒருவருக்கு மேல் மனநோய் இருப்பது தெரிந்தது. வார்டில் இவ்வளவு காலம் இருந்த எனக்கே அந்த எண்ணைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது.

முதல் வாரம் மிகவும் மோசமானது. தினமும் குடித்துக்கொண்டிருந்த ஆளைப் பிடித்துக்கொண்டு வந்து திடீரென்று நான்கு சுவருக்குள் விட்டால் என்ன ஆகும்? முதல் நாள் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. இரண்டாவது மூன்றாவது நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறிவிடும். கட்டட வேலை செய்கிற ஒருவர் விடிய விடியச் சுவரிலிருந்து எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். சுவரில் எறும்பே இல்லை. உடன் இருந்தவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று ஒதுங்கிப் படுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக நடிக்கிறான் என்றார் ஒரு காவலர். கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுக்கக்கூடிய நிலை அது. உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் "கடைசியாகக் குடித்தது எப்போது?" என்று முதல் நாளே கேட்டு எழுதிவைத்தால் போதும், மருத்துவர் மற்றதைப் பார்த்துக்கொள்வார்.

மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கதையும் இதேதான். கைது செய்கிறபோது மாத்திரைப் பை வீட்டிலேயே தங்கிவிடும். பத்து நாள் கழித்து அவர் தனக்குத்தானே பேச ஆரம்பித்த பிறகுதான் உள்ளே இருப்பவர்களுக்கு விஷயம் தெரியவரும். வீட்டில் யாராவது ரிமாண்ட் ஆகிவிட்டால், வக்கீலைத் தேடி ஓடும் அதே வேகத்தில் மருந்துச் சீட்டின் நகலைச் சிறை மருத்துவரின் கையில் சேர்த்துவிடுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிறையில் இருப்பவருக்கும் பொருந்தும். அதன் 103ஆவது பிரிவு சிறைவாசிகளுக்காகவே எழுதப்பட்டது. அவரவர் ஊர்ச் சிறையில் அது எந்த அளவுக்கு நடக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

முதல் வாரம் தாண்டிய பிறகு வருவது வேறு விதமான வாதை. தண்டனைக் கைதிக்கு ஒரு தேதி இருக்கிறது. அதிலிருந்து நாட்களைக் கழித்துக்கொண்டே வருவார். விசாரணைக் கைதிக்குக் கழிக்க எதுவும் இல்லை. நாளைக்கே வெளியே போகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். மாலை ஆறு மணிக்குக் கதவு சாத்திய பிறகு மனம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டே இருக்கும். பாதிப் பேருக்குத் தங்கள் வழக்கு எண்கூடத் தெரியாது. ஆரம்பத்தில் நான் போனதும் "தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது" என்றுதான் கேட்பேன். வார்டுப் பழக்கம். தலையைக் குனிந்துகொள்வார்கள். இப்போது என் நோட்டில் வரிசையை மாற்றிவிட்டேன். வழக்கு எண், அடுத்த வாய்தா, வக்கீல் யார், வீட்டுக்குத் தகவல் தெரியுமா என்று கேட்டு, தூக்கத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். முதல் நான்குக்கும் பதில் கொண்டுவந்து கொடுத்தால் ஐந்தாவதைப் பற்றி அவர்களாகவே பேசுகிறார்கள். வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் பார்த்து, "இந்த மாதம் 9ஆம் தேதி உன் வழக்கு இருக்கிறது" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்ததற்கு ஒருவர் என் காலைத் தொட வந்தார். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. இதையும் அநேகம் பேர் என் வாயிலிருந்துதான் முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

இதில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 1996இல் வரப்புத் தகராறில் என் தம்பி 41 நாள் கிளைச்சிறையில் இருந்தான். பிறகு அந்த வழக்கில் விடுதலை ஆனான், அது வேறு. நானும் அம்மாவும் மனுப் போட்டு, அதாவது அனுமதி எழுதி வாங்கி, அவனைப் பார்க்கப் போனோம். வீட்டு நிலவரம் எதையும் அவனிடம் சொல்லக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர், எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் ஜாமீனைப் பற்றிக் கேட்கவில்லை. "அக்கா, கிணற்று மோட்டார் ஓடுகிறதா?" என்று கேட்டான். மோட்டார் எரிந்துபோய்க் கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. நான், "எல்லாம் நன்றாக இருக்கிறது, நீ கவலைப்படாதே" என்றேன். அந்த வாரம் முழுக்க அவன் சரியாகச் சாப்பிடவில்லை. வெளியே வந்து பல வருடம் கழித்து ஒரு நாள் சொன்னான்: "நீ எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னதும்தான் எனக்குப் பயம் வந்தது. அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது, மறைக்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன்."

மனுப் பார்க்க வரும் குடும்பங்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மோட்டார் எரிந்துவிட்டது என்றால் எரிந்துவிட்டது என்றே சொல்லுங்கள். யார் சரிசெய்யப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜாமீன் மனு தள்ளுபடி ஆன தகவலையும் மறைக்காதீர்கள். ஆனால் சொல்கிற அன்று சிறை அதிகாரியிடமோ உளவியலாளரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். கெட்ட செய்தி வந்த இரவில் அவர் பக்கத்தில் விழித்திருக்க யாராவது வேண்டும்.

சட்டைக்காரத் தம்பிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும் என்று உத்தரவு. வாடகை வீட்டில் இருந்து நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா யாரைப் போய்க் கேட்பார்? உத்தரவு வந்த பிறகுதான் அவன் முகம் வாடியது. பேச்சு குறைந்தது. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவான். ஜாமீன் கிடைக்காதவனுக்குக் கோபப்பட ஒரு நீதிமன்றம் இருக்கிறது. கிடைத்தும் போக முடியாதவன் தன்னையும் தன் வீட்டையும்தான் நொந்துகொள்கிறான். இப்படிப்பட்டவர்களுக்காக 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் சில வழிமுறைகளைச் சொன்னது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே போகவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பிணை கட்ட முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம். அவன் விஷயத்தில் அந்தத் தகவல் உரிய நேரத்தில் யாருக்கும் போகவில்லை. பதிவேட்டைப் புரட்டியபோதுதான் என் கண்ணில் பட்டது. அதற்குள் 24 நாள் போயிருந்தது. மனு எழுதினோம். ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையில் விடலாம் என்று நீதித்துறை நடுவர் உத்தரவிட மேலும் 11 நாள் ஆனது.

அவன் வெளியே போன மாலை நான் அங்கே இல்லை. ஒரு வாரம் கழித்து அவன் அம்மா போன் செய்தார். விளக்கை அணைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறானாம். விடிவதற்கு முன்பே எழுந்து, எண்ணிக்கை எடுக்க ஆள் வருவதுபோல் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறானாம். இது எத்தனை நாளைக்கு இருக்கும் என்று கேட்டார். மாவட்ட அரசு மருத்துவமனையில் எந்த நாளில் மனநல மருத்துவர் இருப்பார் என்று சொன்னேன். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள் என்றும் சொன்னேன்.

அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை வீட்டிலும் அவன் உடுத்தவில்லையாம். இரண்டு செய்தித்தாள்களுக்கு நடுவே மடித்து அலமாரியில் வைத்திருக்கிறானாம். வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த வாய்தா 18ஆம் தேதி.