பிப்ரவரி 29-இல் நின்ற நிரல்

நிரலாக்கம் என்றால் என்ன என்று கேட்பவர்களிடம், கணினி நிறைவேற்றக்கூடிய கட்டளைகளை எழுதுவது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது தவறில்லை. ஆனால் வேலையின் பெரும்பகுதி, சொல்லாமல் விட்டது எது என்று தேடுவதில்தான் கழிகிறது.

கணினியின் மையச் செயலிக்கு (ப்ராசஸர்) தெரிந்ததெல்லாம் எண் வடிவக் கட்டளைகள் மட்டுமே. 1957-இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் போன்ற மொழிகள் வந்த பிறகு, மனிதர் படிக்கத்தக்க வரிகளை எழுதினால் கம்பைலர் என்னும் மொழிமாற்றி நிரலே அவற்றை அந்த எண் கட்டளைகளாக மாற்றிக் கொடுத்தது. மாறி (மதிப்பைத் தாங்கும் பெயர்), நிபந்தனை, சுழற்சி (கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்வது), செயற்கூறு (பெயரிட்டு அழைக்கும் கட்டளைத் தொகுப்பு) ஆகிய அடிப்படைகளைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் வருவதுதான் கடினம்.

லீப் ஆண்டைக் கண்டறிய எளிய நிரல் ஒன்றை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நான்கால் மீதியின்றி வகுபட்டால் லீப் ஆண்டு என்று எழுதினால், பல ஆண்டுகளுக்குச் சரியான விடையே வரும். 1900-ஐக் கொடுத்துப் பார்த்தால்தான் குறை தெரியும். நூறால் வகுபடும் ஆண்டு, நானூறாலும் வகுபட்டால் மட்டுமே லீப் ஆண்டு. அதனால்தான் 2000 லீப் ஆண்டாக இருந்தது, 1900 அப்படி இருக்கவில்லை. எந்த மதிப்பைக் கொடுத்தால் நம் நிரல் தடுமாறும் என்று நாமே தேடிப்பார்ப்பது இந்தத் தொழிலின் முக்கியமான பயிற்சி என்று கருதுகிறேன்.

அந்தப் பயிற்சி போதாத காலத்தில், உறுப்பினர்களின் அடுத்த பிறந்தநாளைக் கணக்கிடும் நிரல் ஒன்றைப் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதினேன். பிறந்த தேதியில் ஆண்டை மட்டும் மாற்றினால் போதும் என்பது என் எண்ணம். சில வாரங்கள் ஒழுங்காக ஓடிய அது, ஒரு நாள் பாதியில் நின்றது. பிழைச் செய்தி காட்டிய வரியில் தவறு எதுவும் தென்படாததால், ஒவ்வொரு பதிவையும் தனித்தனியே செலுத்திப் பார்த்தேன். பிப்ரவரி 29-இல் பிறந்த ஒருவரின் பதிவில் வந்து முட்டியது. அவருக்காக 2023-ஆம் ஆண்டில் இல்லாத ஒரு தேதியை என் நிரல் உருவாக்க முயன்றிருந்தது.

திருத்த ஒரு வரி போதும். ஆனால் அவருடைய பிறந்தநாள் பிப்ரவரி 28-ஆ, மார்ச் 1-ஆ என்பதைக் கணினியோ நானோ முடிவு செய்ய முடியாது. நிரலைக் கேட்டவரிடமே கேட்டேன். அப்படி ஒரு கேள்வி இருப்பதை அவரும் அதுவரை யோசித்திருக்கவில்லை. மார்ச் 1 என்று அவர் முடிவு சொன்ன பின், அந்த வரியை எழுதி, அடுத்து படிப்பவருக்காகக் காரணத்தையும் அதன் மேலேயே குறிப்பாக எழுதிவைத்தேன்.