லேசரா, பசையா? ஒரு நாட்குறிப்பு

ஜூன் 11, புதன்

இன்று டாப்ளர் ஸ்கேன், காலில் ரத்தம் ஓடுவதைப் பார்ப்பது. இடது காலிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நீளமான சிரையில், தொடை தொடங்கும் இடத்திலேயே வால்வு சரியாக மூடவில்லையாம். மேலே ஏறவேண்டிய ரத்தம், நான் நிற்கிற நேரமெல்லாம் கீழே திரும்பி வடிகிறது. முழங்காலுக்குக் கீழே சிரைகள் சுருண்டு புடைத்துக் கிடப்பது, வெரிகோஸ் வெயின் என்கிறார்களே, அதனால்தான். கணுக்கால் பக்கம் தோல் கறுத்துவருவதைத்தான் டாக்டர் அதிக நேரம் பார்த்தார். அப்படியே விட்டால் அங்கே புண் வரும், வந்தால் லேசில் ஆறாது என்றார்.

ஜவுளிக்கடை வேலை. நாகர்கோவிலில் கோட்டாறு, வடசேரி என்று கடை மாறினாலும் நிற்பது மாறவில்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று கேரளாவில் 2018லும் நம் மாநிலத்தில் 2021லும் சட்டம் வந்தது. எங்கள் தளத்திலும் ஸ்டூல் இருக்கிறது. அதில் எப்போதும் புடவைக் கட்டுதான் உட்கார்ந்திருக்கும்.

கிளம்பும்போது ஒரு பெண் வந்து, "அக்கா, இங்க ஒரு ஆய்வு நடக்குது, கொஞ்சம் பேசலாமா?" என்றாள். ஆய்வு ஒருங்கிணைப்பாளராம். இப்படி வால்வு கெட்ட சிரையை லேசரால் சுட்டு மூடுவதையும் பசை வைத்து ஒட்டுவதையும் ஒப்பிடுகிற கிளினிக்கல் ட்ரையல். யாருக்கு எது என்பது குலுக்கல். இப்போதே கையெழுத்து போட வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள் என்று படிவத்தைக் கொடுத்தாள்.

ஜூன் 12, வியாழன்

"பசையா? ஃபெவிகுவிக்கா?" என்று சிரித்தார் வீட்டுக்காரர். சிரித்தாலும் தவறில்லை. இரண்டும் சயனோஅக்ரிலேட் வகைதான், உடம்புக்குள் வைப்பதற்கென்று தனியாகத் தயாரிப்பது இது.

படிவத்தை இரண்டு தரம் படித்தேன். லேசர் என்றால் முழங்கால் பக்கம் ஒரு ஊசித்துளை. அதன் வழியே மெல்லிய இழையை விட்டு சிரையை உள்ளிருந்து சுடுவார்கள். சூடு தெரியாமலிருக்க மரப்பு மருந்து கலந்த உப்புநீரைத் தொடை நெடுக ஊசி ஊசியாகப் போடவேண்டும். அப்புறம் இறுக்கமான காலுறை. பசை என்றாலும் அதே துளைதான். சொட்டுச் சொட்டாக விட்டு வெளியிலிருந்து அமுக்கி ஒட்டுவது. அந்த ஊசிகள் கிடையாது, காலுறையும் பெரும்பாலும் வேண்டாம். ஆனால் பசை உள்ளேயே கிடக்கும். சிலருக்கு அந்தத் தடத்தில் சிவந்து அரிக்குமாம்.

படித்தவுடனே மனசு பசைப் பக்கம் சாய்ந்துவிட்டது. இந்த ஊர் வெக்கையில் தொடைவரை காலுறை போட்டுக்கொண்டு யார் பஸ்ஸில் நிற்பது?

கொழுந்தன் மார்த்தாண்டத்திலிருந்து போன் செய்தார். "மதினி, சோதனை எலியாப் போயிராதீங்க."

ஜூன் 15, ஞாயிறு

அண்ணன் மகள் திருவனந்தபுரத்தில் நர்ஸ். மதியம் வந்தாள். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் முடிந்தபிறகு படிவத்தைக் கொடுத்தேன். "ரெண்டுமே சின்ன ஓட்டைதானே, எது வந்தால் என்ன?" என்று நான் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சின்ன ஓட்டைன்னா நல்லதுன்னு யாரு அத்தை சொன்னது?"

அவள் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் ஆரம்பநிலையில் கர்ப்பப்பையை எடுப்பார்கள். வயிற்றைத் திறந்து செய்வதற்குப் பதில் சின்னத் துளைவழியே லேப்ராஸ்கோப்பியிலோ ரோபோவிலோ செய்வது உலகமெங்கும் பரவியது. தழும்பு சின்னது, ரத்தம் குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். எல்லாருக்கும் திருப்தி. அப்புறம்தான் பல நாடுகளில் 631 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு ஆய்வு நடந்தது. 2018இல் முடிவு வந்தது. நாலரை ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், திறந்து செய்த பக்கம் 96.5 சதவீதம், துளைவழி செய்த பக்கம் 86. மூன்று ஆண்டில் உயிரோடிருந்தவர்கள், திறந்து செய்த பக்கம் 99 சதவீதம், துளைவழி செய்த பக்கம் 93.8. யாரும் எதிர்பார்க்கவில்லை. பல ஆஸ்பத்திரிகள் மறுபடி வயிற்றைத் திறக்கும் முறைக்கே போய்விட்டன.

எனக்குச் சோறு செரிக்கவில்லை. அந்த ஆய்வு நடக்காமல் போயிருந்தால்? வெளியே தழும்பைப் பார்த்து எல்லாரும் நிம்மதியாகத்தானே இருந்திருப்பார்கள்.

இன்னொன்றும் சொன்னாள். அமெரிக்காவில் தேய்ந்த முழங்காலுக்குத் துளைவழியே கருவி விட்டுச் சுத்தம் செய்வது வழக்கமாக இருந்தது. 180 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்களாம். மயக்கத்தில் இருந்தவர்களுக்கு எது நடந்தது என்று தெரியாது. இரண்டு ஆண்டு கழித்தும் வலியில் வித்தியாசமே இல்லை. 2002இல் வெளிவந்தது. இதைக் கேட்டு வீட்டுக்காரர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

ஜூன் 16, திங்கள்

ஆய்வு சி.டி.ஆர்.ஐ. என்கிற இந்திய கிளினிக்கல் ட்ரையல் பதிவேட்டில் இருக்கிறதா என்று மகன் பார்த்துச் சொன்னான். இருக்கிறது. 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் இப்படிப் பதிவது கட்டாயமாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எத்தனை பேர், எத்தனை மாதம், எதை அளக்கப்போகிறார்கள் என்பது முன்கூட்டியே எழுதியிருக்கிறது. முடிவு வந்தபிறகு யாருக்கும் தெரியாமல் அளவுகோலை மாற்ற முடியாது என்பது பிடித்தது.

ஜூன் 19, வியாழன்

கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். ஆய்வால் ஏதாவது கெடுதல் ஆனால் யார் பார்ப்பார்கள்? சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. நடுவில் விலகலாமா? எப்போது வேண்டுமானாலும், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். விலகினாலும் வழக்கமான வைத்தியம் நிற்காது.

கடைசிக் கேள்வி: "உங்க அம்மாவுக்கு என்றால் எதைச் செய்வீங்க, டாக்டர்?"

"லேசர்," என்றார் யோசிக்காமல். "எனக்கு அதுல கை பழகிருச்சு. அதனாலதான் யாருக்கு எதுன்னு நான் முடிவு செய்யக்கூடாது. எனக்குப் பிடிச்சதை லேசான கேஸுக்குக் கொடுத்துட்டு அதுதான் நல்லதுன்னு சொல்லிருவேன்."

அங்கேயே கையெழுத்து போட்டேன். இரண்டும் சமம் என்று பூசி மெழுகியிருந்தால் போட்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

கோயிலுக்குப் போனபோது பெரியப்பாவைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் தாத்தாவின் வயிற்றுத் தழும்பைப் பற்றிப் பேச்சு போயிற்று. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் சாமர்வெல் துரை என்ற வெள்ளைக்கார டாக்டர் குடல்புண்ணுக்கு வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்த காலம் அது. 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏறப்போன அதே சாமர்வெல். தென்திருவிதாங்கூரில், அதாவது எங்கள் குமரிப் பக்கத்தில், அந்தப் புண்ணுக்குப் பஞ்சமே இல்லை. மரச்சீனியையும் மிளகாயையும் குறைசொல்வார்களாம். பிறகு 1980களில் ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் பெரும்பாலும் அது ஒரு பாக்டீரியாவின் வேலை என்று காட்டினார்கள், 2005இல் நோபல். இப்போது அதற்கு ஒரு கோர்ஸ் மாத்திரை. தாத்தா தழும்பைக் காட்டிப் பெருமைப்பட்டதாகப் பெரியப்பா சொன்னார். துரை கைபட்ட வயிறு அல்லவா.

ஜூலை 3, வியாழன்

லேசர். கம்ப்யூட்டர் முடிவு. முகம் வாடியதை ஒருங்கிணைப்பாளர் பார்த்துவிட்டாள். "வேண்டாம்னா இப்பவும் சொல்லலாம் அக்கா." சொல்லவில்லை.

தொடை ஊசிகள் நன்றாகவே வலித்தன. சுடும்போது ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் எழுந்து நடக்கச் சொன்னார்கள், சாயங்காலமே வீடு. காலுறையை மாட்டுவதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஜூலை 12, சனி

ஸ்கேனில் சிரை மூடியிருக்கிறது, உள்ளே ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைந்த கட்டி எதுவும் இல்லை. பார்த்த டாக்டருக்கு எனக்கு எந்தச் சிகிச்சை என்று தெரியக்கூடாதாம். காலுறையைக் கழற்றி மறைத்துவைத்துவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். தொடை நெடுகச் சின்னச் சின்ன நீலத் தடங்கள் இருக்கின்றன, பார்த்தால் ஊகித்துவிடமாட்டாரா? கேட்டேன். அதற்காகத்தான் தொடையைத் துணியால் மூடி, வேண்டிய இடத்தை மட்டும் திறப்பதாகச் சொன்னாள். எனக்கு முழு நம்பிக்கை இல்லை. இந்தக் குறையையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன், எழுதினாள்.

வெளியே குலசேகரத்துக்காரம்மா ஒருவர், பசை வைத்தவர். தொடையில் நெடுக சிவந்த கோடு, ஒரே அரிப்பு. "காலுறை இல்லாதது கொள்ளாம் மக்களே, இந்தச் சொறிச்சல்தான்," என்றார். மாத்திரை கொடுத்து, அதையும் படிவத்தில் ஏற்றினார்கள். ஒருவர் காலை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இருந்தாலும் என் காலுறைமீது இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

அடுத்த ஸ்கேன் அக்டோபர் தொடக்கத்தில். தீபாவளி விற்பனை நேரம், லீவு என்ற பேச்சையே எடுக்க முடியாது. ஞாயிறு வரலாமா என்றால் ஸ்கேன் டாக்டர் ஞாயிறு கிடையாது. செவ்வாய் காலை எட்டு மணிக்கு, கடை திறக்கும் முன் பார்ப்பதாக ஒருங்கிணைப்பாளர் எழுதிக்கொடுத்திருக்கிறாள். பஸ் செலவுக்கு ரசீதை வைத்துக்கொள்ளச் சொன்னாள். மகளிருக்கு டவுன் பஸ் இலவசம் என்றேன்.