லக்ஷ்மிக்கு எத்தனை எழுத்து?

11 வருடமாக எனக்குச் சோறு போடுவது மற்றவர்களின் பிழைகள்தான். மெய்ப்புத் திருத்துவது என் வேலை. ஒற்று மிகுந்தால் சுழிப்பேன், விட்டுப்போனால் சேர்ப்பேன். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைக் கற்க உட்கார்ந்தது என் கெட்ட நேரம். பத்து வரி எழுதுவேன், ஏழாவது வரி அசிங்கமாகத் தெரியும், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். மதிப்பைப் போட்டு வைக்கும் ஒரு மாறிக்குப் பெயர் வைப்பதிலேயே ஒரு சாயங்காலம் போனது. மூன்று மாதம் ஆகியும் முழுசாக முடித்த புரோகிராம் ஒன்றுகூட இல்லை.

அப்புறம் சின்னதாக ஒன்றை எடுத்தேன். ஒரு சொல்லைக் கொடுத்தால் அதில் எத்தனை எழுத்து என்று சொல்ல வேண்டும். 'லென்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, ஒரே வரி வேலை. 'அம்மா' என்று கொடுத்தேன். 5 என்றது.

விரல் விட்டு எண்ணினேன். அ, ம், மா. மூன்றுதான். மறுபடி ஓட்டினேன், மறுபடியும் 5. மேற்கோள் குறியை மாற்றினேன், இடைவெளி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டு ராத்திரி இதிலேயே போனது. வாயில் ஓடியதெல்லாம் ஒரே வசனம்: மூன்று எழுத்தை எண்ணத் தெரியாதவளுக்கு எதற்கு இந்த வேலை?

தப்பு என்னுடையதே இல்லை. கம்ப்யூட்டர் எழுத்துகளைக் குறித்து வைக்கும் முறையான யூனிகோடில் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனி இடம். அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்தாக எண்ணியிருக்கிறது. கம்ப்யூட்டர் சரி, நானும் சரி. திட்டு வாங்கியது மட்டும் நான்.

அதைவிட உறுத்தியது வேறொன்று. இத்தனை வருடத்தில் எந்த எழுத்தாளரின் தாளிலும் ஓரத்தில் 'உனக்கெல்லாம் எதற்கு இந்த வேலை' என்று நான் எழுதியதில்லை. எவ்வளவு மோசமான பிழையாக இருந்தாலும் 'சரிபார்க்கவும்' என்றுதான் எழுதுவேன். அந்த மரியாதையை எனக்கு நானே கொடுக்கவில்லை.

கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் தன் புத்தகத்தில் பிழை கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2008 வரை 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார் என்று முன்பே தெரியும். (அதாவது 256 சென்ட்; 256 என்பது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 100. கணக்குக்காரர் குசும்பு.) பிறகுதான் இன்னொன்று தெரிந்தது: தான் எழுதிய 'டெக்' என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருளின் பிழைகளை வருடக்கணக்கில் குறித்து வைத்து, 1989இல் கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறார். நானாக இருந்தால் எரித்திருப்பேன்.

இப்போது அழிப்பதில்லை. பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. எங்கே தடுக்கியது, என்ன காரணம் என்று இரண்டு வரி எழுதுவேன், மெய்ப்பில் எழுதுகிற அதே தொனியில். என்னைத் திட்டும் அந்தக் குரல் நின்றுவிட்டது என்றெல்லாம் இல்லை. வருகிறது. 'சரிபார்க்கவும்' என்று அதன் தலையிலும் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன்.

அந்தப் புரோகிராம் முடிந்தது. புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தாண்டி எண்ணச் சொல்லியிருக்கிறேன், 12 வரி. அம்மாவுக்கு 3 என்கிறது. லக்ஷ்மிக்கு மட்டும் 4 என்கிறது. க்ஷவை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. பத்தாவது வரிக்கு மேலே ஒரு குறிப்பு போட்டிருக்கிறேன்: 'க்ஷ தப்பாக வருகிறது. தெரியும். பிறகு.' அப்படியே சேமித்துவிட்டுத் தூங்கப் போனேன்.